யானை பார்க்கப் போன சோடி

கலியாணப் பதிவுக் கந்தோரில் கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. செல்வராசா குடையை விரித்து, அதை முழுவதுமாக யோகத்தின் பக்கம் சாய்த்துப் பிடித்தார். அவருடைய புதுக் கோட்டின் ஒரு தோள் நனைந்தது. சாட்சிக்கு வந்த யோகத்தின் மகள் சாரங்கா இரண்டு பேரையும் படம் எடுத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிவிட்டாள். செல்வராசாவின் மகன் துவாரகன் வரவில்லை. "உங்கட விருப்பம் அப்பா" என்று ரெலிபோனில் சொன்னதோடு சரி.

"இனி எங்கையாவது போகத்தானே வேணும்," என்றார் செல்வராசா. "கலியாணம் கட்டினா எல்லாரும் போறவை. பழனிக்குப் போவமோ? இல்லாட்டிச் சுவிசில உம்மட தங்கச்சி வீட்டை?"

யோகம் தெருவில் தேங்கிய தண்ணீரைத் தாண்டி நடந்தாள்.

"ஆபிரிக்காவுக்குப் போவம். எனக்கு யானை பாக்கோணும்."

"யானை இஞ்சை வுப்பர்டால் ஸூவிலயே நிக்குதே."

"அது நிக்குது. நான் போற யானையைப் பாக்கோணும். தன்ர பாட்டில எங்கையோ போற யானையை."

"அப்ப ஊருக்குப் போவம். அங்கையும் காட்டில கிடக்குத்தானே."

"ஊருக்குப் போனா யானை பாக்க எங்கை விடப்போகினம். வீடு வீடாப் போய்த் தேத்தண்ணி குடிச்சு, இந்த வயசில உங்களுக்கு ஏன் இது எண்டு கேக்கிற முகங்களைத்தான் பாக்கோணும்."

செல்வராசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி," என்றார். "நீர் சொன்னாச் சரி."

யோகம் ஜேர்மனியில், வுப்பர்டாலில் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் சமையல் வேலை செய்கிறவள். முதல் கணவர் கல்யாணசுந்தரம் வேலைத்தலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு வந்த கோடையில் இல்லத்து வயோதிபர்களைச் சக்கர நாற்காலிகளில் வைத்து ஸூவுக்கு மிருகங்கள் காட்டக் கூட்டிப்போனார்கள். தள்ள ஆள் காணாதென்று குசினியில் நின்றவர்களையும் கேட்டார்கள். யோகமும் ஒரு கிழவரைத் தள்ளிக்கொண்டு போனாள். யானைகள் நிற்கிற இடத்துக்கு வந்ததும் கிழவர் நித்திரையாகிவிட்டார். அவரை எழுப்ப மனமில்லாமல் அவளும் அங்கேயே நின்றுவிட்டாள்.

அடுத்த கிழமையே ஆண்டு முழுவதும் போய்வரக்கூடிய ரிக்கெற் எடுத்தாள். வேலை முடிந்து தொங்குரயிலில் வரும்போது ஸூ தரிப்பில் இறங்கி, வாங்கில் அமர்ந்து யானைகளைப் பார்ப்பாள். அந்த நாட்களில் அவளைக் கண்ட எல்லோரும் குரலைத் தாழ்த்தி, எப்பிடி இருக்கிறியள் அக்கா என்று கேட்டார்கள். யானைகள் ஒன்றும் கேட்கவில்லை. அவை குட்டிகளோடு மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டன. சுவரோரமாக நடந்து, கதவடியில் வந்து திரும்பின. அந்தக் கதவு திறந்திருந்தால் இது எந்தப் பக்கம் போகும் என்று யோகம் யோசிப்பாள்.

செல்வராசா ஹம் நகரத்தவர். கம்பித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அவருடைய மனைவி சாந்தா நெடுங்காலம் நோய் வருத்தத்தில் கிடந்து இறந்தவள். கடைசிக் காலத்தில் அவளைக் குளிப்பாட்டி, சீப்பால் தலை இழுத்து, சோறு குழைத்துத் தீத்தியது எல்லாம் அவர்தான். வுப்பர்டாலில் ஒரு செத்தவீட்டு அந்தியேட்டிச் சாப்பாட்டில் பெரிய பானைகள் கழுவ ஆளில்லாமல் நின்றபோது, யோகமும் அவரும் சட்டைக்கையை மடித்துவிட்டுக் கழுவினார்கள். இரண்டு கிழமை கழித்து அவர் ரெலிபோன் எடுத்து, ரசம் வைத்தால் ஏன் கசக்கிறது என்று கேட்டார். வெந்தயம் கருகியிருக்கும் என்று அவள் சொன்னாள். பிறகு குழம்பு, பிறகு இடியப்பம். அவர் நன்றாகச் சமைக்கப் பழகிய பிறகும் ரெலிபோன் வந்துகொண்டிருந்தது.

யோகத்துக்கு இன்னும் வேலை இருந்தபடியால் செல்வராசாதான் ஒரு பெட்டியோடு வுப்பர்டாலுக்கு வந்தார். ஹம் வீட்டைத் துவாரகனுக்கும் மருமகளுக்கும் விட்டுவிட்டார். ஆம்பிளை போய்ப் பொம்பிளை வீட்டில் இருக்கிறாராம் என்று சனம் கதைத்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலையில் அவளுக்கு முன்னே எழும்பிக் கோப்பி போட்டு வைத்தார். அவளுடைய பனிக்காலச் சப்பாத்துகளைத் துடைத்து வைத்தார். எல்லாம் செய்தார். ஆனால் "நீர்" என்றுதான் கூப்பிட்டார். "நீர் சாப்பிட்டீரோ", "நீர் இரும், நான் கழுவுறன்." கோயில் கூட்டத்தில் பக்கத்தில் இருக்கிறவரோடு கதைக்கிறமாதிரி இருந்தது யோகத்துக்கு. சாந்தாவைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கதைத்ததில்லை. கல்யாணசுந்தரத்தைப் பற்றி அவளும் கதைத்ததில்லை. கதைக்கக்கூடாது என்று இருவரும் பேசி முடிவெடுக்கவுமில்லை. அது அப்படியே வந்துவிட்டது.

தன்சானியா என்று சாரங்காதான் பார்த்துப் பதிந்து கொடுத்தாள். ஊசி போட டொக்டரிடம் டெர்மின் எடுத்து நாள் குறித்தார்கள். ஓகஸ்ட் மாதம் புறப்பட்டார்கள்.

விமானத்தால் இறங்கியதிலிருந்து காண்கிறவர்கள் எல்லோரும் இந்தியாவோ என்று கேட்டார்கள். ஜேர்மனி என்றதும் அவர்களைக் கூட்டிப்போக வந்த ஜோன்சன் சிரித்தார். அவர் அந்த நாட்டுக்காரர். ஜேர்மன் பயணிகளுக்கென்று அந்த மொழியைப் படித்துவைத்திருந்தவர். ஆகவே மூன்று பேரும் அவருடைய வான் வண்டியில் ஜேர்மன் கதைத்துக்கொண்டு செம்மண் தெருவால் போனார்கள். யோகம் நீலச் சட்டை போட்டிருந்ததைக் கண்டு, நீலத்துக்கு இங்கே கடிக்கிற ஈ வரும் என்று ஜோன்சன் சொன்னார். அவள் கொண்டுவந்தது எல்லாம் நீலமும் கறுப்பும். செல்வராசா தன்னுடைய மண்ணிறச் சேட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கை நீளமாக இருந்தது. அவரே மடித்துவிட்டார். மடித்து முடிந்ததும் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் வரிக்குதிரை கண்டார்கள், ஒட்டகச்சிவிங்கி கண்டார்கள். யானைகள் தூரத்தில், மரங்களுக்குப் பின்னால், கல்லுகள் மாதிரித் தெரிந்தன. செல்வராசா எல்லாவற்றையும் பார்த்து "ம்" என்றார். படம் ஒன்றும் எடுக்கவில்லை. இரவு கூடாரத்தில் கட்டிலின் கரையில், விழுந்துவிடுவார் போலப் படுத்திருந்தார். இந்த மனுசன் கலியாணம் கட்டினதுக்குக் கவலைப்படுகிறாரோ என்று யோகத்துக்கு முதல்முறையாகத் தோன்றியது. அதை அவரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை ஜோன்சன் அவர்களை ஒரு வற்றிய ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார். வான் வண்டியின் மேல்கூரையைத் தூக்கிவிட்டார். எழும்பி நின்றால் தலையும் தோளும் வெளியே வரும். ஆற்றில் தண்ணீர் இல்லை. வெறும் மணல். ஜோன்சன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, இனிக் கதைக்காமல் இருப்போம் என்றார்.

கொஞ்ச நேரத்தில் மறுகரையில் மரங்கள் அசைந்தன. முதலில் ஒன்று வந்தது. காது கிழிந்த, ஒரு கொம்பு கட்டையான பெரிய பெண்யானை. அங்கே பெண்யானைக்கும் கொம்பு இருந்தது. அது நின்று, தும்பிக்கையைத் தூக்கிக் காற்றைப் பார்த்தது. பிறகு கரையால் இறங்கியது. அதற்குப் பின்னால் மற்றவை, குட்டிகளை நடுவில் விட்டுக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. அவ்வளவு பெரிய உடம்புகள் இறங்கியும் சத்தம் கேட்கவில்லை. மணல் மாத்திரம் சரிந்தது.

அவை ஆற்றின் நடுவுக்கு வந்து காலால் மணலைத் தோண்டத் தொடங்கின. தோண்டி, தும்பிக்கையை விட்டுப் பார்த்து, திரும்பவும் தோண்டின. ஒரு யானை தும்பிக்கையை எடுத்து வாய்க்குள் விட்டபோது தண்ணீர் வழிந்தது. மணலுக்குக் கீழே ஆறு இருந்திருக்கிறது. யோகம் வாயைத் திறந்தபடி பார்த்தாள். இவ்வளவு காலமும் வாங்கில் இருந்து அவள் யோசித்துக்கொண்டிருந்த கேள்விக்கு இதுதான் விடை. கதவு திறந்தால் அது தண்ணி தேடிப் போகும். தன்னுடைய ஆட்களையும் கூட்டிக்கொண்டு போகும்.

ஒரு சின்னக் குட்டி தாயின் கிடங்குக்குள் தும்பிக்கையை விடப்பார்த்தது. தாய் தள்ளிவிட்டது. குட்டி மணலில் சறுக்கிக் குந்தியது. எழும்பி, கோபித்துக்கொண்டதுபோல வானின் பக்கம் நடந்து வந்தது. அதன் தலையில் செம்பட்டை மயிர் இருந்தது. யோகம் அதை வடிவாகப் பார்க்கவென்று கூரைக்கு மேலால் எட்டிச் சாய்ந்தாள். கழுத்தில் தொங்கிய தூரநோக்கி கம்பியில் அடிபட்டு "டிங்" என்றது.

காது கிழிந்த யானை திரும்பியது. காது இரண்டையும் விரித்தது. புழுதி கிளம்ப அது வான் வண்டியை நோக்கி வந்தது.

யோகத்தின் தோள்களை இரண்டு கைகள் சுற்றிப் பிடித்தன.

"சாந்தா, ஆடாதை. நீ ஆடாதை."

அவள் ஆடவில்லை. யானை வந்து, கிட்ட, மிகக் கிட்ட நின்றது. அதன் கண்மயிர் தெரிந்தது. புழுதியும் பச்சை இலை நசிந்த மணமும் வானுக்குள் வந்தன. அது தலையை ஒருதரம் உதறியது. காதுகள் ஈரத் துணி அடிபடுகிறமாதிரி அடிபட்டன. முன்னால் இருந்த ஜோன்சன் இயந்திரத்தில் கை வைக்காமல் அப்படியே இருந்தார். யானை தும்பிக்கையை நீட்டி அவர்களுடைய மணத்தை எடுத்தது. என்ன நினைத்ததோ. மெல்லத் திரும்பி, குட்டியைத் தும்பிக்கையால் பின்னால் தட்டித் தட்டிக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

யோகம் அழுதாள். பயத்தால் இல்லை. சிரிப்பும் கூடவே வந்தது. தோளில் இருந்த கைகள் விலகிய பிறகுதான் அவர் சொன்னது அவளுக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். செல்வராசா ஆசனத்தில் இருந்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டிருந்தார்.

"உங்கள் கணவருக்குப் பயந்துவிட்டது," என்றார் ஜோன்சன் ஜேர்மனில். "அது வெருட்டத்தான் வந்தது. குட்டியைத் தேடி வந்தது."

"ஓம், தெரியும்," என்று யோகம் தமிழில் சொல்லிவிட்டாள். பிறகு ஜேர்மனில் சொன்னாள்.

திரும்பி வரும் வழியில் செல்வராசா சேட்டில் படிந்த புழுதியைத் தட்டிக்கொண்டே இருந்தார். யோகத்துக்கு நோகவில்லை என்று சொல்லமுடியாது. ஆனால் அந்தப் பெயரைவிட "நீ" என்ற சொல்தான் அவளுக்குள் நின்றது. எவ்வளவு லேசாக வந்தது அந்தச் சொல். உயிர் போகிற நேரத்தில் யோசிக்காமல் வந்த சொல்.

பின்னேரம் கூடாரத்து வாசலில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்கள். வெயில் சரிந்துகொண்டிருந்தது. செல்வராசா கோப்பையைத் தொடவில்லை.

"யோகம், என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

"என்னத்துக்கு?"

"உமக்குத் தெரியும் என்னத்துக்கெண்டு."

யோகம் தன்னுடைய கோப்பையை ஊதிக் குடித்தாள்.

"உங்களிட்ட ஒண்டு கேக்கட்டோ," என்றாள். "நான் உங்களை எப்பிடிக் கூப்பிடுறனான்?"

"எப்பிடி? இஞ்சாருங்கோ எண்டு."

"ஓம். அவரையும் அப்பிடித்தான் கூப்பிட்டனான். அவற்ர பேரை நான் ஒருநாளும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்பவும் குசினியில நிண்டு இஞ்சாருங்கோ எண்டு கூப்பிடேக்கை, எனக்குள்ள ரெண்டு பேர் திரும்பிப் பாக்கினம். வாறது நீங்கள்தான். ஆனா ரெண்டு பேரும் திரும்பிப் பாக்கினம். உங்களுக்கு வாய் தடுமாறினாப் பேர் காட்டிக்குடுத்திடும். எனக்கு அந்தக் கரைச்சல் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்."

செல்வராசா அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய கண்கள் நிறைந்திருந்தன.

"நான் வாறதுக்கு முதல் நீர் அவற்ர படத்தைக் கழட்டினது எனக்குத் தெரியும்," என்றார். "சுவரில அந்த இடம் வெள்ளையாத் தெரியுது. ஏன் கழட்டினீர் எண்டு கேக்க நினைச்சனான். கேட்டா, சாந்தாவைப் பற்றி நீர் கேப்பீர். நான் தொடங்கினா நிப்பாட்ட மாட்டன் எண்டு பயம். புதுசா ஒருத்தரைக் கட்டிப்போட்டு, பழசைச் சொல்லி அழுறது முறையோ?"

"நிப்பாட்டாட்டிப் பரவாயில்லை. எனக்கு இஞ்சை என்ன சோலி. சொல்லுங்கோ."

அவர் கோப்பையை எடுத்தார். தேத்தண்ணியைக் குடித்தார். பிறகு, சாந்தாவுக்குப் பல்லி என்றால் பயம் என்று தொடங்கினார். யானைக்குப் பயப்பட்டிருக்க மாட்டாள் என்றார். வருத்தம் கடுமையான காலத்தில் அவளைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றும்போது, விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில் ஒவ்வொரு தரமும் "ஆடாதை, நீ ஆடாதை" என்று சொல்வாராம். இரவும் பகலும் சொன்ன சொல். இன்றைக்கு யோகம் வானுக்கு வெளியே சாய்ந்தபோது கைகள் தானாகப் போயின, வாயும் தானாகப் போய்விட்டது.

யோகம் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணைத் தோள்களில் பிடித்த பிடி இன்னும் தன் தோளில் இருப்பதை உணர்ந்தாள். நல்ல பிடி. விழ விடாத பிடி.

"எனக்கு ஒரு விருப்பம் இருக்கு," என்றாள் கடைசியில்.

"சொல்லும்."

"அதுதான். சொல்லும், இரும், வாரும். எனக்கு அது வேண்டாம். என்னையும் நீ எண்டு கூப்பிடுங்கோ."

செல்வராசா புல்வெளியைப் பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அறுபது வயது தாண்டிய மனிதரின் காது சிவந்ததை யோகம் கண்டாள்.

"தேத்தண்ணி ஆறுது," என்றார். "குடி."

அவள் குடித்தாள்.

மிச்ச நாட்களில் அவர் படம் எடுத்துத் தள்ளினார். யானையின் பின்பக்கத்தையெல்லாம் எடுத்தார். காது கிழிந்தவளை இன்னொருதரம் காணலாமோ என்று ஜோன்சனைக் கேட்டுக் கேட்டுக் களைக்கப்பண்ணினார். காணவில்லை. வேறு கூட்டங்கள் கண்டார்கள். ஒரு கூட்டம் தெருவைக் குறுக்கே கடந்து போக அரைநாள் எடுத்ததுபோல இருந்தது; யோகம் அது முழுவதும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரவுகளில் அவர் கதைத்தார், அவள் கதைத்தாள். கல்யாணசுந்தரம் குறட்டை விடுவதை அவள் செய்து காட்டினாள்.

டுசில்டோர்ப் விமான நிலையத்தில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது துவாரகன் நின்றான். கையில் ஒன்றுமில்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை.

"தண்டவாள வேலையாம், ரெயின் ஓடேல்லை," என்றான். "அதுதான் வந்தனான்."

அப்பாவுக்குக் கை கொடுத்தான். யோகத்தைப் பார்த்து "வாங்கோ அன்ரி" என்றான். அவளுடைய பெட்டியை வாங்கி, அப்பாவின் பெட்டியை அப்பாவிடமே விட்டுவிட்டு முன்னால் நடந்தான்.

காரில் செல்வராசா முன்னுக்கும் யோகம் பின்னுக்கும் இருந்தார்கள்.

"யானை கண்டனீங்களோ?" என்று துவாரகன் கேட்டான்.

"கண்டம்," என்றார் செல்வராசா. "ஒண்டு கலைச்சுக்கொண்டு ஓடி வந்தது."

"உங்களையோ?"

"அன்ரியை. நான் பிடிச்சன்."

துவாரகன் கண்ணாடியில் பின்னுக்குப் பார்த்தான். யோகம் தலையாட்டினாள். அப்போது கேட்காவிட்டால் பிறகு கேட்கமுடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

"தம்பி, அடுத்த மாசம் அம்மான்ர திவசம் வருதெல்லோ," என்றாள். "நீங்கள் ஹம்மில செய்வீங்கள். நானும் வந்து சமைக்கலாமோ? உங்களுக்கும் மருமகளுக்கும் விருப்பமெண்டால் மட்டும். அம்மாவுக்கு என்ன கறி விருப்பமெண்டு சொன்னீங்களெண்டால்."

கார் ஓடிக்கொண்டிருந்தது. செல்வராசா மகனின் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். துவாரகன் கியரை மாற்றினான். தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று யோகம் பயந்தாள்.

"ஃபிஷ்ஸ்டேப்ஷன்," என்றான் துவாரகன்.

பெட்டியில் உறையவைத்து விற்கிற மீன் துண்டுகள். சட்டியில் பொரித்துச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறது.

"உண்மையாவோ?" என்று யோகம் கேட்டாள்.

"உண்மையா. எனக்கெண்டு சொல்லித்தான் வாங்குவா. நான் பள்ளிக்கூடத்தால வந்து பாத்தாப் பெட்டி வெறுமையாக் கிடக்கும்."

"வெள்ளிக்கிழமை விரதம்," என்றார் செல்வராசா. அவருடைய குரலில் இருந்தது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "சனிக்கிழமை விடியவே சட்டி அடுப்பில இருக்கும். மாம்பழச் சட்னி தொட்டுச் சாப்பிடுவா."

"கெச்சப் இல்லை, சட்னி," என்றான் துவாரகன். "கெச்சப் தொட்டா எனக்குப் பேச்சு விழும்."

"திவசத்துக்கு மீன் படைக்கேலாதே," என்றாள் யோகம் கவலையோடு. அவள் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தாள். "சட்னி வைக்கலாம். அதைத் தொட ஏதாவது மரக்கறியில விரல் மாதிரிச் செய்யலாம். கத்தரிக்காயை அப்பிடி வெட்டிப் பொரிச்சா?"

துவாரகன் சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்தான், முடியவில்லை. செல்வராசாவும் சிரித்தார். கத்தரிக்காய் என்றால் சாந்தாவுக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். யோகம் வாழைக்காய் என்றாள். வாழைக்காய் சரி என்றார்கள்.

வுப்பர்டாலுக்குத் திரும்புகிற பாதை வலப்பக்கத்தில் வந்து போய்விட்டது. யோகம் அதைக் கண்டாள். துவாரகன் அப்போது அம்மா கடைக்குப் போய் ஃபிஷ்ஸ்டேப்ஷன் பெட்டியை முருங்கைக்காய்க்குக் கீழே ஒளித்துக் கொண்டுவந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். பாதை தவறியதைச் சொல்லாமல் அவள் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீடு போய்ச் சேர நன்றாகப் பிந்திவிட்டது.